காப்புக் கயிறு

நான் கட்டிய முடிச்சு கழன்று இதுவரை எவரும் பார்த்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த வாய்தான் என்னுடையது. தைப்பொங்கலுக்கு முந்திய இரண்டு மாதமும் கரவெட்டிப் பக்கத்தில் யார் பெரிய பட்டம் கட்டினாலும் முச்சை கட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். முச்சை என்பது பட்டத்தின் நெஞ்சில் மூன்று இடத்தில் நூலைப் பிடித்து, ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து கயிற்றோடு சேர்க்கிற கட்டு. அது பிசகினால் எவ்வளவு வடிவான பட்டமும் குத்துக்கரணம் அடித்து யாருடைய கூரையிலாவது விழும். நான் போவேன், குறை சொல்வேன், இரண்டு பேரையாவது ஏசுவேன், கட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். ஏச்சைப் பொறுத்துக்கொள்வார்கள். முடிச்சு அப்படி.

இந்த வருடம் ஒருவருக்கும் கட்டிக் கொடுக்கவில்லை. கேட்டு வந்த நாலு பேரையும் கடை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினேன். "வெல்டிங் வேலை தலைக்கு மேலை கிடக்கு, போங்கோ" என்றேன். வேலை ஒன்றும் தலைக்கு மேலே கிடக்கவில்லை. கயிற்றைத் தொடக் கை கூசியது, அவ்வளவுதான்.

மார்கழி பிறந்த கிழமை பியாட்றிஸ் ரீச்சர் போன் எடுத்துக் கூப்பிட்டார்.

"நிருஷன் தம்பி, ஜெபாவின்ரை கட்டிலுக்கு மேலை பிடிச்சு எழும்ப ஒரு பட்டி தொங்கவிடச் சொல்லி பிசியோதெரபி மிஸ் சொல்லிப்போட்டுப் போறா. இரும்புச் சட்டம் நீ அடிச்சுத் தருவியோ? பட்டியையும் நீதான் கட்டோணும். நீ கட்டினால் கழலாது எண்டு இவன் சொல்லுறான்."

"நாளைக்குக் கொண்டு வாறன் ரீச்சர்" என்றேன்.

போனை வைத்துவிட்டுக் கடைக்குள் அப்படியே இருந்தேன். ரீச்சரின் மகன் ஜெபசீலன் ஐந்து மாதமாகக் கட்டிலில் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவனைக் கிடத்தியதே என்னுடைய ஒரு முடிச்சுத்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். இன்னொரு முடிச்சுப் போட என்னையே கூப்பிடுகிறார்கள்.

ஜெபசீலன் பத்தொன்பது வயதில் நோர்வேக்குப் போனவன். போன வருடம் தகப்பன் இறந்துபோக, தாயைப் பருத்தித்துறையில் தனியே விட மனமில்லாமல் முப்பத்தொரு வயதில் திரும்பி வந்தான். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் சொக்லேற்றும் சென்ற் போத்தலும் கொண்டு வருவார்கள். இவன் மூன்று சில்லு வண்டி ஒன்றைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். வண்டிக்கு எஞ்சினும் இல்லை, பெடலும் இல்லை. நிலத்தில் இருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கை, பின்னுக்கு இரண்டு சில்லு, முன்னுக்கு ஒன்று. முன்சில்லைக் காலால் திருப்புவது. கையில் ஒரு தடி, அதில் கயிறுகளால் பூட்டிய பெரிய துணிப் பட்டம். காற்று பட்டத்தை இழுக்க, பட்டம் வண்டியை இழுக்கும்.

வைகாசியில் சோளகக் காற்று எழும்பி, வல்லை வெளியில் தண்ணீர் வற்றி, தரை வெள்ளையாக உப்புப் பூத்து இறுகியதும் அவன் வண்டியை இறக்கினான். மூன்றாம் நாளே அச்சு வளைந்து, நெல்லியடியில் இருக்கிற என் கடைக்கு வந்து சேர்ந்தான்.

"அண்ணை, இதை நிமித்தித் தருவியளோ?"

"இது என்னடாப்பா, சின்னப்பிள்ளையளின்ரை வண்டிலோ?"

"பட்டம் பூட்டி ஓடுறது."

பட்டம் என்றதும் எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. அச்சை நிமிர்த்தி, அதற்கு மேலே இன்னொரு குழாய் வைத்து ஒட்டிக் கொடுத்து, அன்று பின்னேரமே கடையைப் பூட்டிவிட்டு அவனோடு வெளிக்குப் போனேன். அவன் ஏறி இருந்து பட்டத்தை எழுப்பினான். அடுத்த நிமிடம் அவன் ஒரு புள்ளியாகப் போய்விட்டான். வல்லைப் பாலத்தில் போன பஸ்ஸைப் பிந்த விட்டான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. முப்பத்தேழு வயதில் எனக்கு அப்படியொரு சந்தோசம் வரும் என்று நினைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு கிழமைக்கு மூன்று நாள் போனோம். அவன் ஓடுவான், நான் பட்டத்தைத் தூக்கிப் பிடித்து எழுப்பிவிடுவேன், கிழிந்தால் தைப்பேன், கயிறுகளைச் சிக்கெடுப்பேன். அவன் எனக்கு ஒவ்வொரு சாமானாகக் காட்டித் தந்தான். இடுப்பில் அகலமான பட்டி ஒன்று கட்டுவான். அதன் முன்பக்கத்துக் கொக்கியில்தான் பட்டத்தின் முழு இழுவையும் விழும். அந்த இடத்தில் சிவப்புக் கைபிடி ஒன்று இருந்தது. காற்று மிஞ்சினால் அதை முன்னுக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளினால் பட்டம் இழுவை இழந்து துணியாக விழுந்துவிடும். ஆனால் பறந்து போகாது. இடப்பக்க இடுப்பில் இருந்து பட்டத்துக்குப் போகிற கட்டைக் கயிறு ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கும். அவன் அதை லீஷ் என்றான். நான் காப்புக் கயிறு என்று பெயர் வைத்தேன்.

"அதுக்கும் பட்டம் அடங்கேல்லை எண்டால்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் இது." காப்புக் கயிறு இடுப்புப் பட்டியின் வளையத்தில் வந்து கொளுவுகிற இடத்தில் சின்னச் சிவப்பு உருண்டை இருந்தது. "இதை இழுத்தால் கொளுக்கி திறந்திடும். கயிறும் போகும், பட்டமும் போகும். நான் மட்டும் மிஞ்சுவன்."

"பட்டம் போகுமோ?"

"போனால் போகட்டும் அண்ணை."

அவன் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வண்டியில் ஏறமுன்னர் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தரம் வலக்கையைக் குறுக்கே இடுப்புக்குக் கொண்டுபோய் உருண்டையைப் பிடித்துப் பழகுவான். "யோசிக்க நேரம் இராது, கைக்குத் தெரிஞ்சிருக்கோணும்" என்பான். விட்டுவிட இவ்வளவு பழக்கமா என்று நான் நக்கலடிப்பேன்.

எங்கள் பக்கத்தில் பட்டத்தை விட்டவனுக்கு மரியாதை இல்லை. ஆளுயரத்துக்கு மேலே பட்டம் கட்டினால், கயிற்றின் அடியைப் பனையில் கட்டிய பிறகுதான் ஏற்றுவோம். பிடிக்கிறவனுக்குக் கை சறுக்கலாம், பயம் வரலாம். பனைக்கு ஒன்றும் வராது. அடி கட்டாமல் ஏற்றிப் பட்டத்தைக் கடலுக்குக் கொடுத்தவனை அடுத்த பொங்கல் வரைக்கும் சந்தியில் நிற்க விடமாட்டார்கள். நான் அந்த ஊரில் வளர்ந்தவன். ஏழு வயதில் இருந்து என் காதில் விழுந்தது ஒன்றுதான்: கயிற்றை விடாதே.

ஆடி மாதம் இரண்டாம் கிழமை, காற்றுத் திடீரென்று முறுகி, அவன் அந்த உருண்டையை இழுத்தான். கொளுக்கி திறந்தது. பட்டம் கயிற்றையும் இழுத்துக்கொண்டு வெளியைத் தாண்டிப் போய்விட்டது. றோட்டில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெடியள் கூக்காட்டினார்கள். அதில் இரண்டு பேருக்கு என்னைத் தெரியும்.

"நிருஷன் அண்ணை, உங்கடை பட்டம் போயிட்டுது! அடி கட்டேல்லையோ?"

எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. பொங்கல் போட்டியில் மூன்று முறை பரிசு எடுத்த நான், பட்டத்துக்குப் பின்னால் ஒரு மைல் ஓடினேன். கள்ளிப் பற்றை ஒன்றில் கிழிந்து கிடந்தது. ஜெபசீலன் ஆறுதலாக நடந்து வந்து, "தைக்கலாம் அண்ணை, ஆள் தப்பினது காணும்" என்றான். அவனுக்கு வெட்கமே இல்லை என்று மனதுக்குள் கறுவினேன். நாலு நாள் இருந்து தைத்தேன். தைக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது.

அடுத்த நாள் வெளிக்குப் போவதற்கு முன்னர் இடுப்புப் பட்டி என் கடையில்தான் இருந்தது. கறுத்த நைலோன் கயிற்றில் ஒரு முழம் எடுத்தேன். காப்புக் கயிற்றின் நுனியையும் இடுப்புப் பட்டியின் வளையத்தையும் சேர்த்து, கொளுக்கிக்குக் கீழே, வெளியே தெரியாமல் மூன்று சுற்றுச் சுற்றி முச்சை முடிச்சுப் போட்டேன். கொளுக்கி திறந்தாலும் இனிப் பட்டம் போகாது. அவனிடம் சொல்லத்தான் நினைத்தேன். சொன்னால் அவிழ்க்கச் சொல்வான் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை. உண்மையில் எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது. இனிக் கூக்காட்டட்டும் பார்ப்போம் என்று நினைத்தேன்.

அடியைப் பனையில் கட்டுகிறமாதிரித்தான் கட்டினேன். பனையின் இடத்தில் அவன் இருக்கிறான் என்பது என் மூளைக்கு ஓடவில்லை. இப்படி எழுதினால் எவரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் நடந்தது.

அன்று பின்னேரம் நாலரை மணி இருக்கும். கண்ணை மூடிப் பத்துத் தரம் பழகினான். உருண்டையைத் தொட்டுத்தான் பார்த்தான், இழுத்துப் பார்க்கவில்லை. இழுத்திருந்தால் முடிச்சுத் தெரிந்திருக்கும். இரண்டு ஓட்டம் நன்றாக ஓடினான். மூன்றாவது ஓட்டத்தில் சோளகம் ஒரு தரம் ஓய்ந்து, பிறகு ஒரேயடியாக எழும்பியது. பட்டம் அவனை இருக்கையில் இருந்து கிளப்பி எறிந்தது. முன்பக்கத்துச் சிவப்புக் கைபிடியை உடனே தள்ளினான். பட்டம் விழுந்தது. "அப்பாடா" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். அதற்குள் கயிறுகள் தடியில் சிக்கி, பட்டம் ஒரு பக்கத்தால் காற்றைக் குடித்து மறுபடி எழும்பிச் சுழலத் தொடங்கிவிட்டது. அவனை உப்புத் தரையில் இழுத்துக்கொண்டு போனது.

நான் பின்னால் ஓடினேன். ஓடும்போது கண்டேன். அவனுடைய வலக்கை குறுக்கே இடுப்புக்குப் போனது. இழுத்தது. உருண்டை கையோடு வந்ததை, கொளுக்கி திறந்ததைக் கண்டேன். கயிறு போகவில்லை. அவன் இரண்டாம் தரமும் கையைக் கொண்டுபோய் அந்த இடத்தைப் பிடித்துப் பிய்த்தான். என் முடிச்சு அசையவில்லை. பட்டம் அவனை இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய மதகின் சீமெந்துச் சுவரில் அடித்தது.

பொக்கற்றில் இருந்த கத்தியால் கயிற்றை அறுத்தது நான். பட்டம் போனது. அவன் கண் மூடிக் கிடந்தான். றோட்டில் நின்றவர்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள், இன்னும் ஒரு நிமிடத்தில் வந்துவிடுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் நான் அவனுடைய தலையைத் தூக்கவில்லை, மூச்சுப் பார்க்கவில்லை. வளையத்தில் மிஞ்சியிருந்த கறுத்த கயிற்றை அறுத்து எடுத்துக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தேன். பிறகுதான் "ஜெபா" என்று கூப்பிட்டேன்.

பொலிஸ் வந்து எழுதியது. காற்று என்று எழுதினார்கள். முதலில் பருத்தித்துறை, பிறகு யாழ்ப்பாணம், பிறகு வீடு. பதினாறாம் நாள், யாழ்ப்பாணத்தில் வாட்டில் வைத்துத்தான் அவன் என்னிடம் கேட்டான்.

"அண்ணை, நீங்கள்தானே கிட்ட நிண்டது. என்ரை கை உருண்டைக்குப் போனதோ?"

நான் வாயைத் திறந்தேன். "தூசியிலை ஒண்டும் தெரியேல்லையடா" என்றேன்.

"இழுத்த ஞாபகம் கிடக்கு. ரெண்டு தரம். ஆனால் இழுத்திருந்தால் கழண்டிருக்கும். அப்ப நான் இழுக்கேல்லை."

தலையில் அடிபட்டால் நடக்காததும் நடந்தமாதிரி ஞாபகம் வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவனுக்குத் தன்னிலேயே நம்பிக்கை போய்விட்டது. மருந்துக் குளுசை போட்டதா இல்லையா என்று தாயிடம் மூன்று தரம் கேட்பான். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்தால் வாங்கமாட்டான், மேசையில் வைக்கச் சொல்வான். கைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று பிசியோ மிஸ் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "வேண்டிய நேரத்திலை வராத கை" என்று மட்டும் சொல்வானாம். கையால் தூக்கி உடம்பைத் திருப்பப் பழகினால்தான் சில்லுக் கதிரையில் ஏறலாம். பழகாவிட்டால் முதுகில் புண் வரும், சுவாசத்தில் சளி கட்டும். இதெல்லாம் ரீச்சர் எனக்குச் சொன்னது. சொல்லும்போது அழமாட்டார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

நான் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஆப்பிளும் தோடம்பழமும் கொண்டுபோனேன். கதவுப் பிணைச்சலைத் திருத்தினேன், குளியலறைக்குக் கைபிடி அடித்தேன். ரீச்சர் சேர்ச்சில் எனக்காகவும் ஜெபித்ததாகச் சொன்னார். ஐயரிடம் போய் அர்ச்சனை செய்கிறவன் நான், எனக்காக மெதடிஸ்த சேர்ச்சில் ஜெபம். வெட்கம் கெட்டு அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ரீச்சரின் போன் வந்த அடுத்த நாள் காலை சட்டத்தை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு பருத்தித்துறைக்குப் போனேன். அந்த நைலோன் துண்டைக் கடை மேசை லாச்சிக்குள் இருந்து எடுத்து சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தேன். ஐந்து மாதமாக அதை எறியவும் முடியவில்லை. எடுத்தது ஏன் என்று கேட்டால், சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு போன ஞாயிறுகள் முன்னரும் இருந்தன.

ரீச்சர் வாசல் படலையிலேயே நின்றார். "வா தம்பி. இண்டைக்கும் நாங்கள் திருப்பத்தான் விட்டவன், தானாத் திரும்பச் சொன்னால் மாட்டானாம். நீ சொன்னால் கேப்பான்."

ஜெபசீலன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். தாடி வளர்ந்து, தோள் எலும்பு தெரிந்தது. வாடைக்காற்று யன்னல் சீலையை உள்ளே தள்ளியது. வெளியே, கடற்கரைப் பக்கம், யாரோ விண் பூட்டிய பட்டம் ஏற்றியிருந்தார்கள். விண் என்பது பட்டத்தின் தலையில் கட்டுகிற நார். காற்றில் அது ஒரே சுருதியில் கூவும்.

"ஆரின்ரை பட்டம் அண்ணை?" என்று கேட்டான்.

"தெரியாது. முச்சை பிழை. கூவுறது நடுங்குது."

"நீங்கள் கட்டேல்லையோ இந்த முறை?"

"இல்லை."

ரீச்சர் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார். நான் சட்டத்தைக் கட்டிலின் இரண்டு பக்கத்திலும் வைத்து ஆணி முறுக்கினேன். குறுக்குக் குழாயில் பட்டியைப் போட்டு முடிச்சுக்கு வந்தேன். மூன்று சுற்று. கை தானாகவே போட்டது. என் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன். சட்டம் முனகியது, முடிச்சு இறுகியது.

"சரி. பிடிச்சுப் பார்" என்றேன்.

"அம்மாவின்ரை ஆசைக்குக் கட்டி விடுங்கோ அண்ணை. நான் பிடிக்க மாட்டன்."

"ஏன்ரா?"

"உந்தக் கையை நம்பேலாது. அரைவாசியிலை விட்டிடும்." ஆறுதலாகத்தான் சொன்னான், காலநிலை சொல்கிறமாதிரி. "ஆயிரம் தரம் பழகினனான். அண்டைக்குப் போகேல்லை. போனதெண்டு மூளை பொய் சொல்லுது. இனி இதெல்லாம் என்னத்துக்கு?"

வலக்கை போர்வைக்கு மேலே கிடந்தது. அவன் பேசும்போதே அது தானாகக் குறுக்கே போய், இடப்பக்க இடுப்பில் இல்லாத ஏதோ ஒன்றைப் பிடித்து, மெதுவாக இழுத்தது. அவனுக்கு அது தெரியவில்லை. நித்திரையிலும் அப்படிச் செய்கிறான் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். நான் இப்போதுதான் கண்டேன்.

ஆணிச் சாவியைத் தரையில் வைத்தேன். கட்டில் விளிம்பில் குந்தினேன்.

"போனது ஜெபா" என்றேன்.

"என்ன?"

"கை போனது. இழுத்தனீ. ரெண்டு தரம் இழுத்தனீ. நான் கண்டனான்."

அவன் தலையைத் திருப்பினான். உடம்பைத் திருப்பவில்லை.

"கொளுக்கியும் திறந்தது. அதுக்குக் கீழை நான் ஒரு முடிச்சுப் போட்டிருந்தனான். வளையத்தோடை சேத்து. உன்னட்டைச் சொல்லேல்லை."

"ஏன்?"

"பட்டம் போகக்கூடாது எண்டு."

எவ்வளவு சின்னக் காரணம் என்று சொல்லி முடிந்த பிறகுதான் என் காதுக்கே கேட்டது. பொக்கற்றில் இருந்து அந்தக் கறுத்த துண்டை எடுத்து அவனுடைய உள்ளங்கையில் வைத்தேன். அறுத்த நுனிகள் பிரிந்திருந்தன. நடுவில் முடிச்சு அப்படியே இருந்தது. அவன் அதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். இரண்டு விரலால் நெரித்தான். நகத்தால் கிண்டிப் பார்த்தான். குசினியில் கரண்டி கோப்பையில் அடிபடும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் இழுத்தனான்" என்றான்.

"ஓம்."

"நீங்கள் கண்டனீங்கள்."

"ஓம்."

"ஆஸ்பத்திரியிலை கேட்டனான் அண்ணை. தூசியிலை தெரியேல்லை எண்டு சொன்னனீங்கள்."

நான் அவனுடைய கையில் இருந்த முடிச்சைத்தான் பார்த்தேன்.

"முடிச்சுக் கதையை விடுங்கோ" என்றான். "முடிச்சு ஒரு பிழை. ஆருக்கும் வரும். நீங்கள் என்னிலை உள்ள அன்பிலை போட்டியளோ, பட்டத்திலை உள்ள ஆசையிலை போட்டியளோ, எனக்குத் தெரியாது. அஞ்சு மாசம் அண்ணை. அஞ்சு மாசமா எனக்கு விசர் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தனான். ஒவ்வொரு ஞாயிறும் வந்து உதிலைதானே இருந்தனீங்கள்? தோடம்பழம் உரிச்சுத் தந்தனீங்கள்."

"ஜெபா, நான்..."

"கதையாதையுங்கோ."

அவன் நைலோன் துண்டைப் போர்வையில் போட்டான். வலக்கையைத் தூக்கினான். மேலே தொங்கிய பட்டியைத் தேடி, முதல் தரம் தவறி, இரண்டாம் தரம் பிடித்தது. பிறகு இடக்கையும் போனது. ஐந்து மாதமாக ஒரு கோப்பையைப் பிடிக்காத கைகள். புயத்து நரம்புகள் புடைத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். தோள் எழும்பியது, நெஞ்சு எழும்பியது, செத்த இடுப்பு அதன் பின்னால் வந்தது. உதவி செய்ய நான் கை நீட்டினேன். "தொடாதையுங்கோ" என்றான். அங்குலம் அங்குலமாகத் தன் உடம்பைத் தானே திருப்பி, எனக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் கிடந்தான்.

அந்த நேரம் பார்த்து ரீச்சர் தட்டோடு உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையிலேயே வைத்தார்.

"ஆண்டவரே! திரும்பிட்டான். தானாத் திரும்பிட்டான்."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஐந்து மாதத்தில் ஒரு நாளும் அழாத மனுசி, என் கைகளைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். "உன்ரை கையாலை தம்பி. நீ கட்டினபடியாலைதான். எனக்குத் தெரியும், நீ சொன்னால் கேப்பான் எண்டு."

சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் சுவர்ப்பக்கம் இருந்து அவனுடைய குரல் வந்தது.

"அம்மா, அவரைப் போகச் சொல்லுங்கோ."

"என்னடா கதை? தேத்தண்ணி குடிக்காமலோ? இவ்வளவு செய்திருக்கிற பிள்ளையை?"

ரீச்சர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஆணிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவனுடைய கை இன்னும் பட்டியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அதில் இழுபட்டுக்கொண்டு, குறுக்குக் குழாயில், நான் போட்ட முடிச்சு அசையாமல் நின்றது.